ஸ்டூல் போட்டும் உட்காராத பெண்கள்

வணக்கம் அம்மா,

ஜவுளிக்கடைப் பெண்களின் உட்காரும் உரிமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். கோவில்பட்டிப் பக்கம் எனக்கும் ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. அப்பா காலத்துக் கடை. வேலைக்கு இருபது பேர் போல இருக்கிறார்கள், முக்கால்வாசி பெண்பிள்ளைகள். கடையில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்ததும் இரண்டு மாடிக்கும் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். இன்றுவரை ஒருத்தியும் உட்காரவில்லை. ஸ்டூல் மேல் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது. "ஏம்மா, உட்கார வேண்டியதுதானே" என்று கேட்டால், "பரவால்ல அண்ணாச்சி, பழகிருச்சு" என்று சிரிக்கிறார்கள். உட்காராதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இதற்கு மேல் ஒரு முதலாளி என்னதான் செய்வது? அதுவும் போக, கடையில் பையன்களும்தான் நாள் முழுக்க நிற்கிறார்கள். எல்லாவற்றையும் பெண்களுக்கு நடக்கும் கொடுமையாகவே ஏன் எழுதுகிறீர்கள்? கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள அண்ணாச்சி,

கோபமெல்லாம் இல்லை. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே ஸ்டூல் வாங்கிப் போட்டீர்கள். போட்டதோடு விடாமல், ஏன் உட்காரவில்லை என்று கேட்டும் பார்த்தீர்கள். அந்த இரண்டாவது காரியத்தைச் செய்த கடைக்காரர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அப்பா காலத்துக் கடை என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே வருகிறேன். அந்தக் காலத்து ஜவுளிக்கடையில் வெள்ளை மெத்தை விரித்திருப்பார்கள், உங்களுக்கு நினைவிருக்கும். விற்பவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் சேலையை உருட்டி விரிப்பார். எதிரே கல்யாண வீட்டார் குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் குடிக்கக் கலர் வாங்கி வந்து கொடுப்பார்கள். காஞ்சிபுரத்தில் சில பட்டுக் கடைகளில் இன்றும் அப்படித்தான். விற்பவர் உட்கார்ந்திருக்கிறாரே, நமக்கு மரியாதை இல்லையே என்று யாராவது கோபித்துக்கொண்டு போனதுண்டா? அன்று அந்த மெத்தையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். கண்ணாடி கவுண்டரும் ஐந்து மாடியும் வந்து, நெல்லை, தூத்துக்குடி கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் விற்பனைக்கு வந்தபோது, நிற்பதுதான் வாடிக்கையாளருக்குத் தரும் மரியாதை என்று ஆகிப்போனது. கவுண்டர் வந்ததால் எல்லாரும் நிற்க வேண்டியதாயிற்று என்பீர்கள். அதுவும் உண்மைதான். ஆனால் உயரமான கவுண்டருக்கு உயரமான ஸ்டூல் போட நமக்கு 2021 வரை தோன்றவில்லையே!

2021 செப்டம்பரில்தான், 1947ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்கிற 22ஏ பிரிவைச் சேர்க்க சட்டமன்றத்தில் மசோதா வந்தது. ஆலையில் நின்று வேலை செய்பவருக்கு உட்கார ஏற்பாடு வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொல்லிவிட்டது. மில்லில் அதைக் கேட்க ஆளும் சங்கமும் இருந்தன. சேலைக் கடைப் பெண்ணுக்கு யார் இருந்தார்கள்?

கேரளத்தில் கேட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற தையல்காரப் பெண் 'பெண்கூட்டு' என்ற அமைப்பை நடத்தினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. தண்ணீரைக் குறைத்துக் குடியுங்கள் என்று பதில் வந்ததாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக் கடைப் பெண்கள் கடை வாசலில் உட்கார்ந்தே போராட்டம் நடத்தினார்கள். நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு மூன்று வருடம் கழித்து வந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

சரி, ஸ்டூல் இருந்தும் ஏன் உட்காரவில்லை? இந்தக் கேள்விக்கு உங்களைவிட நூறு வருடம் மூத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் 1899இல் கடைப் பெண்களுக்கு என்றே ஒரு சட்டம் வந்தது, மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று. அதற்குப் பிறகும், இருக்கை இருக்கிறது, உட்கார்ந்தால் வேலை இருக்காது என்ற புகார் அங்கே ஓயவில்லை. மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்பவர் பதினாலு வயதில் துணிக்கடை வேலைக்குப் போனவர். கடைக்காரர்களே நடத்திய விடுதிகளில் பெண்கள் எப்படி அடைந்து கிடந்தார்கள், எதற்கெல்லாம் அபராதம் கட்டினார்கள் என்று உள்ளேயிருந்து எழுதியவர். பின்னால் 1929இல் அந்த நாட்டின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். தி.நகர்க் கடை விடுதிகளைப் பார்த்தவர்களுக்கு அவர் எழுதியது எதுவும் புதிதாக இருக்காது.

உட்காராதே என்று நீங்கள் சொன்னதில்லை. உண்மையாகவே இருக்கும். ஆனால் மாடியில் இருப்பது நீங்கள் இல்லை, சூப்பர்வைசர். அவர் நிற்கும்போது இவர்கள் எப்படி உட்காருவார்கள்? கூட்டம் குறைந்த மதியத்தில் ஒருத்தி உட்கார்ந்தாள் என்று வையுங்கள். "என்ன, சொகுசா?" என்று ஒரே ஒரு வார்த்தை போதும். இன்னொருத்தி ஆறு மாதத்துக்கு ஸ்டூல் பக்கம் திரும்ப மாட்டாள். வார்த்தைகூட வேண்டாம். கல்லாவில் இருக்கும் கேமரா திரையை நீங்கள் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாலே கீழே செய்தி பரவிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு இது கடையில் வந்த பழக்கமும் இல்லை. பெரியவர் வந்தால் எழுந்து நில், அண்ணன் சாப்பிட்ட பிறகு உட்கார் என்று கேட்டு வளர்ந்தவர்கள். "பழகிருச்சு" என்பது பதில் இல்லை அண்ணாச்சி, கேட்டவர் முதலாளி என்பதால் வந்த மரியாதை. அதே கேள்வியை உங்கள் வீட்டம்மா தனியாகக் கேட்டால், கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் பேச்சில் வரும்.

வாடிக்கையாளர்களான நாங்களும் யோக்கியம் இல்லை. கவுண்டருக்குப் போகும்போது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள்தான்.

பையன்கள் விஷயம். நீங்கள் சொல்வது நியாயம், அதில் சண்டை இல்லை. சட்டமும் எல்லா ஊழியர்களுக்கும் என்றுதான் சொல்கிறது, பெண்களுக்கு மட்டும் என்று இல்லை. கேட்டு வாங்கியவர்கள் பெண்கள், உட்காரப் போவது பையன்களும். ஆனால் ஒரு நாள் கடையில் இருந்து பாருங்கள். பதினொரு மணிக்குப் பையன் எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போகிறான். போகிற வழியில் சந்துப் பக்கம் ஒதுங்குகிறான். பத்து நிமிடம் கால் ஆறுகிறது. அந்தப் பெண் டீக்கடையில் போய் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். அவள் மதியச் சாப்பாடு வரை கடைக்குள்ளேதான்.

அப்புறம் வீடு. மத்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் ஒரு நாளைக்குப் போவது சராசரியாக 299 நிமிடம், ஆண்களுக்கு 97. அதிலும் ஆண்களில் வீட்டு வேலை செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான், பெண்களில் 81. அதாவது உங்கள் கடைக்கு ஒன்பதரை மணிக்கு வருகிற பெண் அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறாள், ராத்திரி திரும்பவும் அங்கேதான் போய் நிற்கப்போகிறாள். நின்ற நேரத்தைக் கடையில் மட்டும் அளந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

இதற்கு மேல் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சேலைப் பெட்டியை இறக்கிவிட்டு, தூண் ஓரத்தில் கிடக்கும் ஸ்டூலைக் கவுண்டருக்குப் பின்னால் கொண்டுபோங்கள். கல்யாணப் பார்ட்டி நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போன பிறகு, பெட்டியில் போடுவதும் விலைச்சீட்டு சரிபார்ப்பதும் உட்கார்ந்தே செய்கிற வேலை. அதை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லுங்கள். எல்லாருக்கும் முன்னால் சொல்லுங்கள். அவரும் உட்காரட்டும். உட்காரலாம் என்று சொன்னால் போதாது, அனுமதி என்றால் அதை யாராவது கேட்க வேண்டியிருக்கும். வேலை முறையே அதுதான் என்று ஆகிவிட்டால் ஒருத்தி முதல் ஆளாகத் துணிய வேண்டிய அவசியம் இல்லை.

கழிப்பறை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. மாடியிலேயே இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது, போக யாரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்? சூப்பர்வைசர் ஆணாக இருந்தால் அந்தக் கடைசிக் கேள்வியை உங்கள் வீட்டம்மாவை விட்டே விசாரியுங்கள். அதையும் பார்த்துவிட்டு எழுதுங்கள், தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால். அந்த ஒரு மாதம் வந்துவிட்டால் உங்களுக்கும் நேரம் இருக்காது, அந்தப் பிள்ளைகளுக்கு ஸ்டூல் ஞாபகமும் இருக்காது.