கேளுங்கள், சொல்கிறேன்: தட்டைத் திரையில் குண்டுப் பிள்ளைகள்

கேள்வி: பழைய பெட்டி மொனிட்டரை மாற்றி 22 அங்குலத் தட்டைத் திரை வாங்கினேன். எழுத்துகள் மங்கல், விளையாட்டுப் போட்டிப் படங்களில் பிள்ளைகள் எல்லாரும் குண்டு. திருப்பிக் கொடுக்கவா?
– ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: மழையில் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள், டீச்சர். தட்டைத் திரையின் படப்புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணி அமைக்கப்பட்டவை. உங்களுடையது பெரும்பாலும் 1920 × 1080 (அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080), திரை வந்த அட்டைப் பெட்டியில் பாருங்கள். கணினியோ பழைய 1024 × 768ஐயே அனுப்பிக்கொண்டிருக்கும். அகலத்துக்கும் உயரத்துக்கும் 4:3 விகிதமுள்ள படத்தை 16:9 சட்டத்துக்கு இழுத்தால் எழுத்தும் மங்கும், ஒல்லிப் பிள்ளையும் பருத்துத்தான் தெரியும்.

விண்டோஸ் 10 என்றால், டெஸ்க்டாப்பின் வெற்றிடத்தில் வலது பொத்தானை அழுத்தி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' செல்லுங்கள். ரெசலூஷன் (படப்புள்ளி எண்ணிக்கை) பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை இருண்டால் பதறாதீர்கள். நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் சில விநாடிகளில் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

பட்டியலில் 1920 இல்லவே இல்லையா? பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள், நிறுவப்படவில்லை. முதலில் அதை நிறுவுங்கள்.

எழுத்து சிறுத்துவிட்டதென்று ரெசலூஷனை மறுபடி குறைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எழுத்தைப் பெரிதாக்கவென்றே அதே 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பக்கத்தில் 'ஸ்கேல்' இருக்கிறது. 125 சதவீதம் வையுங்கள். நீல முனை விஜிஏ கேபிளில் படம் ஒருபக்கம் ஒதுங்கினால், மொனிட்டரில் உள்ள 'ஓட்டோ' பொத்தானை அழுத்துங்கள்.