முட்டிக்கு வி.ஏ. 10 சதவீதம்தான் கொடுத்திருக்கிறது, அப்பீல் போகலாமா?

கேட்டவர் அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர். வி.ஏ. என்பது அங்குள்ள முன்னாள் படைவீரர் நலத்துறை; உடல் பாதிப்புக்கு அது போடும் சதவீதத்தைப் பொறுத்துத்தான் உதவித்தொகை. வலது முட்டிக்கு 10 சதவீதம் வந்திருக்கிறது, இடது முட்டிக்கு "சர்வீஸுக்குத் தொடர்பில்லை" என்று மறுப்பு. எந்த வழியில் அப்பீல் போவது, வக்கீல் வேண்டுமா என்று கேட்கிறார். நானும் அங்கே லாரி ஓட்டிவிட்டு இரண்டு முட்டியோடும் மல்லுக்கட்டியவன்தான். அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

போகலாம். ஆனால் படிவத்தைத் தேடுவதற்கு முன்னால் சி அண்ட் பி பரிசோதனை (உதவித்தொகை முடிவுக்காக வி.ஏ. செய்யச் சொல்லும் மருத்துவப் பரிசோதனை) அறிக்கையை வாங்கிப் படியுங்கள். தீர்ப்புக் கடிதத்தோடு அது வராது. 20-10206 படிவத்தில் எழுதிக் கேட்டால் உங்கள் ஃபைலிலிருந்து நகல் கொடுப்பார்கள். உங்கள் சதவீதத்தை முடிவு செய்தது அந்தக் காகிதம்தான். எவ்வளவு வலிக்கிறது என்று நீங்கள் நினைப்பதும் அதில் எழுதியிருப்பதும் ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வி.ஏ. முட்டியை டிகிரியில்தான் பார்க்கிறது. முழுதாக நீட்டினால் 0, முழுதாக மடக்கினால் 140. மடக்குவது 45 டிகிரியில் நின்றுவிட்டால் 10 சதவீதம், 30-இல் நின்றால் 20, 15-இல் நின்றால் 30. இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். நாற்காலியில் சாதாரணமாக உட்காரவே கிட்டத்தட்ட 90 டிகிரி மடங்க வேண்டும். 30 டிகிரிக்கு மேல் மடங்காத காலோடு பரிசோதனை அறைக்குள் நடந்து வருகிறவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் பெரும்பாலானவர்கள் 10-இலேயே நிற்கிறார்கள். அந்த 10 கூடப் பல சமயம் மடக்கும் அளவுக்குக் கிடைத்ததில்லை, அசைக்கும்போது வலிக்கிறது என்பதற்காகக் கொடுக்கும் குறைந்தபட்சம்.

அப்படியானால் கூடுதல் சதவீதம் எங்கிருந்து வரும்? மடக்குவதைத் தவிர மற்ற கோளாறுகளிலிருந்து. கால் முழுதாக நீளாமல் 10 டிகிரியில் நின்றால் அதற்குத் தனியாக 10 சதவீதம், 15 டிகிரி என்றால் 20. மெனிஸ்கஸ் ஜவ்வு விலகி, அடிக்கடி முட்டி லாக் ஆகி, வலியும் நீர்க்கட்டும் இருந்தால் 20. நடக்கும்போது முட்டி பக்கவாட்டில் பிசகுகிறது என்றால் அதற்கும் தனி ரேட்டிங் உண்டு. ஒரே தொந்தரவுக்கு இரண்டு முறை கொடுக்க மாட்டார்கள், ஆனால் வேறு வேறு தொந்தரவு என்றால் ஒரே முட்டிக்குத் தனித்தனியாகக் கேட்கலாம். பிசகும் முட்டிக்கான விதி 2021 பிப்ரவரியில் மாறியது. இப்போது 20 சதவீதத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த பிரேஸோ (முட்டியில் மாட்டும் தாங்குபட்டை) கைத்தடியோ வேண்டும், 30-க்கு இரண்டுமே வேண்டும். கடையில் நாமே வாங்கி மாட்டிக்கொண்ட பிரேஸ் கணக்கில் வராது. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது அதை எழுதி வாங்கிவிடுங்கள்.

அறிக்கையில் என்ன விடுபட்டிருக்கிறது என்றும் பாருங்கள். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டர் வைத்து அளந்தார்களா, கண்ணால் பார்த்தே எழுதினார்களா? 2016-இல் கொரேயா வழக்கில் நீதிமன்றம் சொன்னபடி, நீங்களே அசைப்பது, பரிசோதிப்பவர் அசைப்பது, எடை தாங்கி நிற்கும்போது, தாங்காதபோது என்று எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும், முடிந்தால் அடுத்த முட்டியையும் சேர்த்து. 2017-இல் ஷார்ப் வழக்கு இன்னும் முக்கியமானது. வலி ஏறும் நாட்களில் எத்தனை டிகிரி குறையும் என்று உங்களையும் கேட்டு, ஃபைலையும் பார்த்து மதிப்பிட வேண்டும். இன்று வலி ஏறவில்லை, ஆகவே சொல்ல முடியாது என்று எழுதி முடித்துவிடக் கூடாது.

என்னைப் பரிசோதித்தவர் கட்டிலில் படுக்க வைத்து இரண்டு முறை மடக்கச் சொன்னார், ஏதோ டைப் செய்தார், போகலாம் என்றார். படியில் இறங்குவது பற்றி, காலையில் எழுந்ததும் எப்படி இருக்கிறது என்பது பற்றி ஒரு கேள்வி இல்லை. அறிக்கையில் வலி ஏறும் நாட்கள் பற்றிய இடத்தில் "ஊகம் இல்லாமல் கூற இயலாது" என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் பிறகு எனக்குக் கைகொடுத்தது.

இப்போது வழிக்கு வருவோம். 2019 பிப்ரவரியிலிருந்து மூன்று பாதைகள் இருக்கின்றன. ஃபைலில் ஏற்கெனவே இருப்பதைச் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது பரிசோதனையே அரைகுறை என்றால் ஹையர் லெவல் ரிவ்யூ (மேலதிகாரி ஒருவர் மறுபடி பார்ப்பது), படிவம் 20-0996. புதிதாக எதையும் சேர்க்க முடியாது, ஆனால் மேலதிகாரியோடு போனில் ஒருமுறை பேசக் கேட்கலாம். நான் இதில்தான் போனேன். அந்த வரியைச் சுட்டிக்காட்டியதும் திரும்பப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கையில் புதிய எம்.ஆர்.ஐ., டாக்டர் கடிதம் இருந்தால் சப்ளிமெண்டல் கிளெய்ம், படிவம் 20-0995. மூன்றாவது, வாஷிங்டனில் உள்ள போர்டு (வி.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியம்), படிவம் 10182. அங்கே நீதிபதி பார்ப்பார், ஆனால் காத்திருப்பு அதிகம். முதலிலேயே அங்கே ஓட வேண்டாம் என்பது என் கருத்து.

எந்தப் பாதையானாலும் தீர்ப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட்டுவிடுங்கள். அப்போதுதான் ஜெயித்தால் முதலில் விண்ணப்பித்த தேதிவரை பின்னோக்கிப் பணம் வர வழி இருக்கும்.

உங்கள் இடது முட்டிக்கு நான் சப்ளிமெண்டல் கிளெய்ம்தான் சொல்வேன். ராணுவத்தில் அடிபட்டதாகப் பதிவு இல்லாவிட்டாலும், வலது முட்டியால் நொண்டி நொண்டி நடந்து இடது கெட்டுப்போனது என்று இரண்டாம் நிலைத் தொடர்பாகக் கேட்கலாம். புதிதாகக் கெட வேண்டும் என்றுகூட இல்லை, முன்பே இருந்த தேய்மானம் அதனால் மோசமானாலும் போதும். இதற்கு டாக்டர் கடிதம் வேண்டும். "தொடர்பு இருக்கலாம்" என்று எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு குறைந்தது பாதிக்குப் பாதி என்று சொல்லி, ஏன் என்பதையும் எழுத வேண்டும்: எவ்வளவு காலமாக நொண்டுகிறீர்கள், எக்ஸ்ரே என்ன காட்டுகிறது, ஃபைலில் எதையெல்லாம் படித்தார். அந்த "ஏன்" இல்லாத கடிதத்துக்கு மதிப்பு கிடையாது. நீங்கள் நொண்டுவதைப் பார்த்த நண்பரோ மனைவியோ 21-10210 படிவத்தில் எழுதிக் கொடுப்பதையும் சேருங்கள். இரண்டு காலுக்கும் ரேட்டிங் வந்துவிட்டால், இரண்டையும் சேர்த்து வரும் மதிப்பில் 10 சதவீதத்தை அதன்மேல் கூட்டித் தருவார்கள்.

வக்கீல் இந்தக் கட்டத்தில் கட்டாயமில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளில் வி.ஏ. அங்கீகாரம் பெற்ற ஆட்கள் இலவசமாகவே செய்து தருவார்கள். போர்டுக்கோ அதற்குமேல் நீதிமன்றத்துக்கோ போகும்போது வக்கீல் வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஜெயித்தால் பின்னோக்கி வரும் நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை கேட்பது நியாயமான கட்டணமாகக் கருதப்படுகிறது. அங்கீகாரம் இல்லாமல், "100 சதவீதம் வாங்கித் தருகிறோம்" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று வி.ஏ.வின் இணையதளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடலாம்.