டர்போ காரில் இன்டேக், டவுன்பைப், இன்ஜெக்டர்: எதை முதலில் மாற்றுவது?

கேள்வி இதுதான்: 2 லிட்டர் டர்போ பெட்ரோல் காருக்கு கோல்ட் ஏர் இன்டேக் (குளிர்ந்த காற்றை இழுக்கும் ஃபில்டரும் குழாயும்), பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை வெளியே எடுக்கும் முதல் குழாய்), பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீச்சும் முனை) மூன்றும் வாங்கப் போகிறேன். எதை முதலில் போடலாம்? மூன்றையும் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரே தடவையாக ட்யூன் (இன்ஜின் கணினியின் அட்டவணைகளைத் திருத்துவது) செய்துகொள்ளலாமா?

கடைசியில் ஒரே தடவையாகச் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அதுவரை காரை வழக்கம்போல மிதித்து ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த மூன்றுமே ஈசியூ (அந்த இன்ஜின் கணினி) போட்டு வைத்திருக்கும் கணக்கில் கைவைப்பவை.

நான் முதலில் வாங்கச் சொல்வது உங்கள் பட்டியலிலேயே இல்லை. வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் (காற்று, பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே காட்டுவது) ஒன்று, லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுக்க ஏதாவது ஒரு கருவி, அவ்வளவுதான். பழைய நேரோபேண்ட் சென்சார், கலவை 14.7க்கு (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று) இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் உருப்படியாகச் சொல்லும். முழு த்ராட்டிலில் 11.8ல் ஓடுகிறதா 13.5ல் ஓடுகிறதா என்று அதைக் கேட்டுப் பயனில்லை, டர்போ இன்ஜினுக்கு வாழ்வா சாவா என்பதே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. புதிய கார்களில் கம்பெனியே முன்பக்கம் வைட்பேண்ட் வைத்திருக்கும், அப்படியென்றால் லாக்கில் அதையே பார்த்துக்கொள்ளலாம். எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஸ்டாக் நிலையிலேயே டைனோவிலோ (சக்கரத்தை உருளையில் ஓட்டி அளக்கும் மேடை) மூடிய ட்ராக்கிலோ ஒரு முழு புல் (முழுதாக மிதித்து மேல் ஆர்பிஎம் வரை ஓட்டுவது) லாக் எடுத்து வையுங்கள். அப்புறம் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.

சரி, இன்டேக். டர்போ கார்களில் கம்பெனி ஏர்பாக்ஸ் பலர் திட்டுகிற அளவுக்கு மோசம் இல்லை. பாதி இன்டேக் கிட்கள் தருவது சத்தம்தான் (அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்). பானட்டுக்குள் திறந்த ஃபில்டரை மாட்டினால் அது இழுப்பது இன்ஜின் சூட்டை. 25 டிகிரி காற்றுக்குப் பதில் 55 டிகிரி காற்று உள்ளே போனால், அதே அழுத்தத்தில் அடர்த்தி ஏறக்குறைய 9 சதவீதம் குறைந்துவிடும். இன்டர்கூலர் அதில் கொஞ்சத்தைச் சரிக்கட்டும், முழுவதையும் அல்ல.

ஆனால் இன்டேக்கில் உண்மையான ஆபத்து சூடு இல்லை, மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உட்காரும் குழாயின் விட்டம். மாஃப் சென்சார் மொத்தக் காற்றையும் அளப்பதில்லை, தன் மேல் படும் காற்றை வைத்து முழுக் குழாயையும் கணக்குப் போடுகிறது. 70 மிமீ குழாய்க்காக எழுதிய அட்டவணையை அப்படியே விட்டுவிட்டு 76 மிமீ குழாயை மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பரப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது, சென்சாரைத் தாண்டும் காற்றின் வேகம் அதற்கேற்ப இறங்குகிறது, ஈசியூவுக்கு உண்மைக் காற்றில் 85 சதவீதம்தான் தெரிகிறது. மெதுவாக ஓட்டும்போது ஃப்யூயல் ட்ரிம் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலில் செய்யும் சதவீதத் திருத்தம்) இதைத் திருத்திக்கொள்ளும், லாக்கில் ப்ளஸ் 15, ப்ளஸ் 18 என்று ஏறி நிற்பதைப் பார்க்கலாம், வண்டியும் நன்றாகத்தான் ஓடும். முழுதாக மிதித்தால் கதை வேறு. பல ஈசியூக்கள் அப்போது ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் அட்டவணைப்படியே எரிபொருள் போடும். 12.0 வர வேண்டிய இடத்தில் 14.1 வரும். பூஸ்ட்டில் (டர்போ காற்றை அழுத்தித் தரும்போது) 14.1 என்றால் நாக் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது), அதிகச் சூடு, அப்புறம் உருகின பிஸ்டன். நீண்டகால ட்ரிம்மை முழு த்ராட்டிலுக்கும் எடுத்துப் போகும் ஈசியூக்களும் உண்டு, ஆனால் அதை நம்பி மிதிப்பது வீண் துணிச்சல். மாஃப் இல்லாமல் மேப் (இன்டேக் அழுத்த) சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் கார் என்றால் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. எண்ணெய் தடவிய ஃபில்டர் வாங்கினால் எண்ணெயைக் கொட்டிவிடாதீர்கள், சென்சார் கம்பியில் படிந்து அளவையே கெடுத்துவிடும்.

எக்ஸாஸ்ட்டுக்கு வருவோம். ‘இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேண்டும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். டர்போ இல்லாத இன்ஜினில் ரொம்ப அகலமான குழாய் போட்டால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறைவது உண்மைதான், ஆனால் அங்கே குறைவது வாயு ஓடும் வேகமும் அதனால் கிடைக்கும் உறிஞ்சலும். டர்போவுக்குப் பின்னால் அந்தக் கணக்கே கிடையாது, அங்கே தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் மூன்றில் காசுக்குத் தகுந்த பலன் தருவது டவுன்பைப்தான். டர்போ சீக்கிரம் எழும்பும். சில கார்களில் கொஞ்சம் அதிகமாகவே எழும்பும்: சின்ன வேஸ்ட்கேட் (டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) சமாளிக்க முடியாமல் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். அதனால் மாட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது பூஸ்ட் கிராஃப். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தப்படுத்துவது) அடியோடு எடுத்துவிடுவது பெரும்பாலான நாடுகளில் சாலையில் ஓடும் காருக்குச் சட்டவிரோதம். தடை குறைந்த நல்ல ஹை ஃப்ளோ கன்வர்ட்டர் போட்டாலே பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும்.

டவுன்பைப் மாற்றினவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று ஃப்ளாஞ்ச் (குழாய்கள் இணையும் தட்டு) கசிவு. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினால் டிக் டிக் என்று கேட்கும், சூடேறி இரும்பு விரிந்ததும் நின்றுவிடும். கேஸ்கெட் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருக்கும், விரலால் தடவினால் ஒட்டும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இப்படி இருந்தால் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று படிக்கும், ஈசியூ தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். இது தெரியாமல் ட்யூன் அட்டவணையை மாற்றி மாற்றி நேரத்தை வீணடிப்பவர்கள் உண்டு.

எரிபொருள் பக்கம் வரும்போது, இன்ஜெக்டர் வாங்குமுன் இப்போது இருப்பதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் ஒரு நான்கு ஸ்ட்ரோக் சுற்று 20 மில்லி செகண்டில் முடிந்துவிடும். போர்ட் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை இன்டேக் வழியில் பீச்சும்) காரில் அந்த இடத்தில் பல்ஸ் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம்) 17 மில்லி செகண்ட் என்று லாக் காட்டினால் ட்யூட்டி (சுற்றில் திறந்திருக்கும் பங்கு) 85 சதவீதம், அதுதான் எல்லை. 12 மில்லி செகண்ட் என்றால் இன்ஜெக்டர் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனால் 85 போடும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும், கன அளவில் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாகத் தேவைப்படும். பம்ப்பையும் சேர்த்தே யோசியுங்கள். அழுத்தம் ஏற ஏற பம்ப் தரும் அளவு குறையும், பூஸ்ட் ஏறும்போது ரெகுலேட்டர் அழுத்தத்தையும் கூட்டும். அதாவது, அதிகம் வேண்டிய நேரம் பார்த்துத்தான் பம்ப் குறைத்துக் கொடுக்கும்.

உங்களுடையது டைரக்ட் இன்ஜெக்ஷன், அதாவது பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீச்சுவது, என்றால் (இப்போதைய 2 லிட்டர் டர்போ நிறைய அப்படித்தான்) அந்த 20 மில்லி செகண்ட் கணக்கு பொருந்தாது, இன்டேக், கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்குகளுக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். அங்கே பெரும்பாலும் முதலில் மூச்சு வாங்குவது கேம் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப். லாக்கில் ஈசியூ கேட்ட ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேல் ஆர்பிஎம்மில் இரண்டும் பிரிந்தால் வாங்க வேண்டியது பம்ப், இன்ஜெக்டர் இல்லை.

ஆக என் வரிசை: லாக், டவுன்பைப், அதற்கான ட்யூன், லாக் கேட்டால் மட்டும் பம்ப்போ இன்ஜெக்டரோ, கடைசியில் ஆசைக்கு இன்டேக். இன்ஜெக்டர் வாங்கும் நிலை வந்தால், வெவ்வேறு பேட்டரி வோல்டேஜுக்கு டெட் டைம் (மின்சாரம் வந்தபின் இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) அட்டவணை தராத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். அந்த எண்கள் இல்லாமல் எந்த ட்யூனராலும் ஐடிலை ஒழுங்காக நிறுத்த முடியாது.