ஏப்ரல் 3-ல் பிறந்த அம்மணிக்கு என்ன படிப்பு?

பவானியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்ங்க.

பிளஸ் டூ முடித்த மகள் சட்டம்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏப்ரல் 3-ல் பிறந்த பெண்ணுக்கு வங்கி வேலைதான் ஒத்துவரும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். யார் பேச்சைக் கேட்பது என்கிறீர்கள்.

அதே தேதியில் பிறந்த சிலரைச் சொல்கிறேன், கேளுங்கள். கமலாதேவி சட்டோபாத்யாய் 1903-ல் மங்களூரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். 1926-ல் சென்னை மாகாண சட்டசபைத் தேர்தலில் நின்று, கொஞ்ச ஓட்டில்தான் தோற்றார். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். குடும்பப் பெண்கள் மேடையேறினாலே ஊர் வாயில் விழுந்த காலத்தில் நாடகத்திலும் சினிமாவிலும் நடித்தார். 1952-ல் அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் வந்தபோது அதற்குத் தலைமை ஏற்று, நெசவுக்கும் கைத்தொழிலுக்கும் மறுபடி மதிப்பு வரப் பாடுபட்டார். ஜமக்காளத் தறிச் சத்தத்தில் வளர்ந்த பெண் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

ஜெயப்பிரதா 1962-ல் பிறந்தவர். சினிமாவில் பேர் வாங்கி, அப்புறம் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் 2004, 2009 தேர்தல்களில் ஜெயித்து மக்களவைக்குப் போனார். ஜேன் குடால் 1934-ல் லண்டனில் பிறந்தவர். கல்லூரிக்குப் பணமில்லாமல் செக்ரட்டரி வேலை பார்த்தார். 1960-ல் ஆப்பிரிக்கக் காட்டில் சிம்பன்சிகளைக் கவனிக்கத் தொடங்கினார். இளநிலைப் பட்டம் இல்லாமலேயே கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. வாங்கி, பின்னாளில் காடுகளைக் காக்க ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

பிறந்த தேதி இவர்களில் யாருக்கும் வழி காட்டவில்லைங்க. அதனால் உங்கள் கடிதத்தில் நான் தேதியைப் பார்க்கவில்லை. போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, பாட்டியின் முதியோர் பென்ஷன் நின்றபோது மகளே மனு எழுதி, ஈரோடு கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை வரிசையில் நின்று கொடுத்தாள் என்று, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்து, அடுத்த முறை மனு எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். பெரியவர்களே தொலைத்துவிடுகிற காகிதம் அது. வக்கீலுக்கு வேண்டிய குணம் இவளிடம் இப்போதே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். கோவை அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஜூனியராக இருக்கும் முதல் சில வருஷம் கையில் காசு நிற்காது. வீடு தாங்குமா என்று அவள் அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வக்கீலாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. சில வருஷம் வக்கீல் தொழில் பார்த்த பிறகு சிவில் நீதிபதி, அரசு உதவி வழக்கறிஞர் வேலைகளுக்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுதலாம். மாப்பிள்ளை கிடைப்பானா என்ற கவலைக்காகப் படிப்பை மாற்றாதீர்கள், அம்மா.

சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அட்மிஷன் நேரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம் தாங்காது.