தனிமையில் வாடும் ஒரு பையனுக்கு வினோதமான குடும்பம் அமைகிற மாதிரி, சிரித்துக்கொண்டே பார்க்க ஓர் அனிமே சொல்ல முடியுமா?

‘வெல்கம் டு டீமன் ஸ்கூல்! இருமா-குன்’. வேறு யோசனையே இல்லை.

சுஸுகி இருமாவுக்கு 14 வயது. அப்பாவும் அம்மாவும் பொறுப்பே இல்லாதவர்கள். சின்ன வயதிலேயே பையனை வேலைக்கு விரட்டி, அந்தக் காசில் ஜாலியாக இருந்தவர்கள். கதை தொடங்கும்போது அவன் சூரை மீன் பிடிக்கிற படகில் கிடக்கிறான். அப்போதுதான் தெரிகிறது, பெற்றவர்கள் அவனை ஓர் அரக்கனுக்கு விற்றுவிட்டார்கள் என்று.

வாங்கிய கிழ அரக்கன் சல்லிவன் அவனைத் தின்னப்போவதில்லை. “எனக்குப் பேரனாக இரேன்” என்று கெஞ்சுகிறார்! கூட்டாளிக் கிழவர்கள் இருவரும் பேரப்பிள்ளைப் பெருமை பேசிப் பேசியே இவர் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்களாம். யார் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாத பையன் வேறு. தலையாட்டிவிடுகிறான். தாத்தா ரெடி. பூனைக்காது வைத்த ஓபரா என்று வீட்டோடு ஓர் உதவியாளர். வயிறு முட்டச் சாப்பாடு. சிக்கல் என்னவென்றால், தாத்தா தலைவராக இருக்கும் பேபில்ஸ் என்ற அரக்கர் பள்ளியில் இவனைச் சேர்த்துவிடுகிறார். முதல் நாள் பள்ளிப் பாட்டைக் கேட்டால், மனிதர்களைத் தின்பது பற்றித்தான் எல்லோரும் உருகி உருகிப் பாடுகிறார்கள்.

இப்படித் தொடங்கும் கதைகளில் வழக்கமாக, பாவப்பட்ட பிள்ளை தன் நல்ல மனசால் எல்லோரையும் மாற்றிவிடும். இங்கே தலைகீழ். அரக்கர்கள் ஆசைப்பட்டதை வெட்கமில்லாமல் கேட்கிற கூட்டம். தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே நேரமில்லாமல் வளர்ந்தவன் இருமா. அவர்களோடு பழகித்தான் “எனக்கு இது வேண்டும்” என்று சொல்லக் கற்றுக்கொள்கிறான். இரண்டாவது தட்டுச் சோறு கேட்கத் தயங்கிய பிள்ளைகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இது உறைக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கூடப் படிக்கும் அரக்கப் பெண் க்ளாராவின் அறிமுகம். எதைப் பார்த்திருக்கிறாளோ அதைத் தன் பையிலிருந்து எடுத்துத் தர முடிந்த பெண். தின்பண்டத்துக்காக மட்டும்தான் மற்ற பிள்ளைகள் அவளோடு விளையாடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். இருமா எதுவும் வாங்காமல் விளையாட வருகிறான். அதுவரை கத்திக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு நிமிடம் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள். சிரித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் சட்டென்று அமைதியாகிவிட்டான். நானும்தான்.

இன்னொரு வகுப்புத் தோழன் அஸ்மோடியஸ் ஆலிஸைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம். முதல் நாளே இருமாவோடு சண்டைக்கு வந்து, தோற்று, அன்றிலிருந்து விசுவாசி. இருமா, க்ளாரா, ஆலிஸ் மூவரும் சேர்ந்து திரிவதுதான் தொடரின் உயிர்.

குறை இல்லாமலில்லை. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் கல்வித் தொலைக்காட்சியில் வந்த தொடர் என்பதால் படங்கள் சின்னப் பிள்ளைகளுக்கானது போல இருக்கும். முதல் மூன்று எபிசோடுகளுக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். பெற்றவர்கள் பிள்ளையை விற்றதைத் தொடர் ஒரு ஜோக்காகவே தள்ளிவிட்டுப் போவதும் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

ஒசாமு நிஷியின் மங்காவிலிருந்து (ஜப்பானியச் சித்திரக்கதை) எடுத்தது. 2019 அக்டோபரில் தொடங்கிய முதல் சீசனில் 23 எபிசோடுகள், அடுத்த இரண்டிலும் 21, 21. ‘ஹைக்யூ’ என்ற வாலிபால் அனிமே பார்த்தவர்களுக்கு இருமாவின் குரல் பழகியதாக இருக்கும். அதன் நாயகன் ஹினாட்டாவுக்குப் பேசிய அதே அயுமு முராசேதான். டப்பிங் வேண்டாம், ஜப்பானிய மொழியிலேயே பாருங்கள். சல்லிவன் பேரனைக் கொஞ்சும் குரலைத் தவறவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாம் முறை ஓடுகிறது. “மாமா, அந்தத் தாத்தாவுக்கு இன்னொரு பேரன் வேணுமான்னு கேட்டுச் சொல்லு” என்கிறான் அக்கா மகன். அக்கா காதில் விழாத தூரத்தில்தான்.