கோபோல் கற்கும் மகளுக்காக வீட்டை அடமானம் வைக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளி இறுதித் தேர்வு முடிந்த விடுமுறையில் உங்கள் மகள் கோபோல் என்னும் பழைய கணினி மொழியைத் தானாகவே கற்று நிரல் எழுதி வருகிறாள் என்றும், "செத்த மொழியைப் படித்து என்ன பயன்?" என்று அவளுடைய சித்தப்பா கண்டிக்கிறார் என்றும், செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டிய பட்டப்படிப்பில் அவளைச் சேர்க்க வீட்டை அடமானம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வைக்கக் கூடாது என்பதே என் பதில். தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், கணிதம் ஆகியவற்றை ஒழுங்காகக் கற்பிக்கும் சாதாரணக் கணினி அறிவியல் படிப்பே அவளுக்குப் போதும்; பட்டத்தின் பெயருக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துவதை நான் எந்தக் குடும்பத்துக்கும் பரிந்துரைப்பதில்லை.

அந்த மொழி சாகவில்லை. 1959-இல் கூடிய ஒரு குழு, அமெரிக்கக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் உருவாக்கிய ஃப்ளோமேட்டிக் மொழியைப் பெரிதும் பின்பற்றி, கணக்குத் துறையினரும் படித்துப் புரிந்துகொள்ளும்படி கோபோலை வடிவமைத்தது. தொகையில் புள்ளிக்கு முன் எத்தனை இலக்கம், பின் எத்தனை இலக்கம் என்று நிரலர் அதில் முன்கூட்டியே அறிவித்துவிடுவதால், கணக்கு நாம் தாளில் போடும் பதின்ம முறையிலேயே நடக்கிறது. பிற்கால மொழிகள் பலவற்றின் வழக்கமான, 0, 1 ஆகிய இலக்கங்களாலேயே பின்னங்களைக் குறிக்கும் இரும முறையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. பணக்கணக்கில் இந்த வேறுபாடு சிறியதன்று. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் விதிகள் பல பத்தாண்டுகளாக இந்த நிரல்களுக்குள் சேர்ந்துகொண்டே வந்திருப்பதால், அவற்றை முழுவதும் மாற்றி எழுத நிறுவனங்கள் அஞ்சுகின்றன. 2020 ஏப்ரலில், வேலையிழந்தோருக்கான உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே கோபோல் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.

இந்த வேலையின் இயல்பையும் அவள் அறிந்திருக்க வேண்டும். புதிதாக எழுதுவதைவிட, எப்போதோ பணி ஓய்வு பெற்றுவிட்ட ஒருவர் எழுதியதைப் படிப்பதே இதில் அதிகம். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே மூச்சில் கையாள இரவு ஓடும் தொகுதிப் பணி நடுவில் நின்றுபோனால், எந்தப் பதிவில், எந்த வரியில் நின்றது என்று பொறுமையாகத் தேட வேண்டும். அதற்கு, வங்கி போன்ற பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் பெருங்கணினியான மெயின்ஃபிரேமில் பணிகளை ஏவும் ஜேசிஎல், டிபி2 தரவுத்தளம், பரிவர்த்தனைகளைக் கையாளும் சிஐசிஎஸ் ஆகியவையும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைத் தொடங்கப் பெரும் பணம் தேவையில்லை: கோபோல் நிரலைக் கணினியில் ஓடவைக்கும் குனு கோபோல் என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, சாதாரணக் கணினியிலேயே ஓடும், மெயின்ஃபிரேம் பயிற்சிக்கு ஐபிஎம் நிறுவனத்தின் இசட் எக்ஸ்ப்ளோர் தளமும் இலவசமே. கோபோலை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். புதிய செயலிகளைப் பழைய நிரல்களோடு இணைக்கத் தெரிந்தவர்களும் இத்துறைக்குத் தேவைப்படுவதால், ஜாவா மொழியையும், தரவுத்தளத்திடம் தகவல் கேட்டுப் பெற உதவும் எஸ்க்யூஎல்லையும் அவள் உடன் கற்கட்டும்.

வேறொருவர் எழுதிய நீண்ட நிரல் ஒன்றைக் கொடுத்து, அது செய்வதை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். சலிப்படைந்தால் இந்த வழி அவளுக்கு ஒத்துவராது, அதையும் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆர்வத்தோடு விளக்கினால் உறவினர் யாரும் அவளைத் திசைதிருப்ப இடம் தராதீர்கள். சித்தப்பாவிடம் வேண்டுமானால் நானே பேசுகிறேன். அதுவரை கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம்.