எங்கே இறங்குவீங்க?

கேள்வி: வயது 29. சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சி.ஏ. முடித்துவிட்டு மும்பை ஃபோர்ட் பகுதியில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் நான்கு வருடமாக இருக்கிறேன். முலுண்டில் மூன்று தமிழ்ப் பெண்களோடு ஒரே ஃபிளாட்டில் வாசம். என்னைவிட அனுபவம் குறைந்தவர்கள் எல்லாம் நல்ல இடங்களுக்கு மாறிவிட்டார்கள். ஒரு இடம் காலியாக இருந்தது என்பதே அங்கே ஆள் சேர்ந்த பிறகுதான் என் காதுக்கு வருகிறது. 'நெட்வொர்க்கிங் பண்ணு' என்கிறார்கள். எனக்கோ அது காக்கா பிடிப்பது மாதிரி கூசுகிறது. ஹிந்தியும் தடுமாற்றம். என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், முலுண்ட்

பதில்: காலையில் முலுண்டில் நீங்கள் ஏறும்போது கல்யாண் பக்கமிருந்து வரும் வண்டி நிரம்பித்தானே இருக்கும்? லேடீஸ் பெட்டிக்குள் நுழைந்ததும் என்ன செய்கிறீர்கள்? உட்கார்ந்திருப்பவரிடம் 'கஹாங் உதரேங்கே?' (எங்கே இறங்குவீங்க?) என்று கேட்பீர்கள். தாதர் என்றால் அடுத்தவரிடம் போவீர்கள். காட்கோபர் என்றால் மெட்ரோ மாறுகிறவர், உங்களுக்கு யோகம். சில நாள் ஒருவர், "என் இடத்தை அந்தப் பச்சைச் சுடிதாருக்குச் சொல்லிட்டேன், ஜன்னலோரம் இருக்காங்களே, அவங்களும் காட்கோபர்தான், கேட்டுப் பாருங்க" என்று கைகாட்டுவார். அவர் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. இதில் எங்கே வந்தது காக்கா? வண்டி காட்கோபரில் நின்ற பிறகு கேட்டால் இடம் கிடைக்காது, அதனால் முன்கூட்டியே கேட்டு வைக்கிறீர்கள். தினமும் செய்வதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

உங்கள் சிக்கல் கூச்சம் இல்லை என்று நினைக்கிறேன். ஃபிளாட்டில் நான்கு பேரும் ஒரே வாட்ஸப் குரூப், ஒரே சேதி. அவர்களுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும், தெரியாதது யாருக்குமே தெரியாது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. பாஸ்டன் அருகே நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், சேதி சொன்னவரை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்ப்பீர்கள் என்று கேட்டார். எப்போதாவது அல்லது மிக அபூர்வமாக என்றவர்கள் ஆறில் ஐந்து பேர். 2022-ல் சுமார் 2 கோடி லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்விலும், நெருங்கியவர்களைவிட ஓரளவு தூரத்துப் பழக்கமே வேலை மாற அதிகம் உதவியது. அந்தக் காலத்தில் டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிய நம் ஆட்களுக்கு இதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவின் மெஸ்ஸில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் பலருக்கு 'ஸ்டெனோ வேணுமாம்' என்ற சேதியே வந்தது.

சரி, யாரிடம் ஆரம்பிப்பது? ஆர்ட்டிகிள்ஷிப்பில் (சி.ஏ. படிக்கும்போது ஆடிட்டரிடம் எடுக்கும் பயிற்சி) உங்களோடு இருந்தவர்கள், வேலையை விட்டுப் போன பழைய மேனேஜர், வருடா வருடம் வந்துபோகும் ஆடிட்டர் குழு. இருபது பெயராவது தேறும். 'ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க' என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்கு 'கண்டிப்பா' என்பதைத் தவிர யாராலும் பதில் சொல்ல முடியாது. இப்படி எழுதுங்கள்: 'நீங்கள் ஆடிட்டிலிருந்து ட்ரெஷரிக்கு (கம்பெனியின் பண நிர்வாகப் பிரிவு) மாறியதைப் பார்த்தேன். எனக்கும் அந்த யோசனை உண்டு. மாறுவதற்கு முன் எதைக் கற்றுக்கொண்டீர்கள்? பத்து நிமிஷம் போனில் பேச முடியுமா?' வாரத்துக்கு ஒருவர் போதும்.

இதைவிட முக்கியம் அதற்கு அப்புறம் நடப்பது. அவர் ஒரு கோர்ஸைச் சொன்னார், நீங்களும் சேர்ந்தீர்கள் என்றால், இரண்டு மாதம் கழித்து 'சேர்ந்தேன், மூன்றாவது பாடத்தில் முழி பிதுங்குகிறது' என்று ஒரு வரி அனுப்புங்கள். நம்மில் பாதிப் பேர் இங்கேதான் கோட்டைவிடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன். எனக்கு முதல் வேலை வாங்கித் தந்தவரை நாலு வருஷம் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு, வேலை போன வாரத்தில் போன் செய்தேன். "இப்பத்தான் ஞாபகம் வந்ததா?" என்றார். உதவவும் செய்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்று. சி.பி.இ. (சி.ஏ.க்கள் தொடர்ந்து படிக்க வேண்டிய தொழில் வகுப்புகள்) மணிநேரக் கணக்குக்காக வீட்டிலிருந்தே கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்தபடி வகுப்பு கேட்கிறீர்கள்தானே? அதில் சிலவற்றையாவது ஸ்டடி சர்க்கிள் (சி.ஏ.க்கள் கூடிப் படிக்கும் குழு) கூட்டங்களுக்கு நேரில் போய்க் கேளுங்கள். டீ இடைவேளையில் போனை எடுக்காதீர்கள். பேசியவர் சொன்னதில் புரியாத ஒன்றைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். அவருக்கும் புரிந்திருக்காது; இருவருக்கும் பேச விஷயம் கிடைத்துவிடும். விசிட்டிங் கார்டு சேர்ப்பதெல்லாம் வீண்.

ஹிந்தி? உங்கள் தொழிலில் பாதிப் பேச்சு இங்கிலீஷ்தான். மீதிக்கு என்னைப் பாருங்கள். முப்பது வருஷமாக 'மை ஜாத்தா ஹூன்' என்று ஆண்பிள்ளை மாதிரிதான் பேசுகிறேன். பெட்டியே சிரிக்கும். சிரித்துக்கொண்டே நகர்ந்து இடமும் கொடுப்பார்கள்.